புதுப்பிப்பு: தணிக்கை வேலையிலிருந்து குடும்பத்தின் நாய் விடுதிக்கு

கணக்குத் தணிக்கை வேலையை விட்டுவிட்டு, அப்பா நடத்திவந்த நாய்ப் பயிற்சி நிலையத்தையும் அதனுடன் இணைந்த தங்கும் விடுதியையும் ஏற்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன்; ஏற்று 11 மாதங்கள் ஆகின்றன.

பயிற்சிதான் கடினமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன்; உண்மையில் நேரத்தை விழுங்குவது நோய்த்தடுப்பு. புதிதாக வந்த நாய் ஒன்றுக்கு மூன்றாம் நாள் வறட்டு இருமல் தொடங்கியது; நாய்கள் கூடும் இடங்களில் எளிதில் பரவும் கென்னல் இருமல் அது. தொற்றிய பின் அறிகுறி வெளிப்பட 2 முதல் 14 நாள்கள் வரை ஆகலாம் என்பதால், அதனுடன் ஒரே முற்றத்தில் விளையாடிய அனைத்தையும் தனிமைப்படுத்தி, உரிமையாளர் ஒவ்வொருவரையும் அழைத்து நடந்ததைச் சொன்னோம். அந்த இரு வாரங்களில் வருவாய் ஏறக்குறைய இல்லை. இப்போது வெறிநோய், பார்வோ (கடும் வயிற்றுப்போக்கு தரும் வைரஸ் நோய்), டிஸ்டம்பர் (நுரையீரலையும் நரம்புகளையும் தாக்கும் வைரஸ் நோய்) ஆகியவற்றுடன் கென்னல் இருமலுக்கும் தடுப்பூசிச் சான்று இல்லாத நாயைச் சேர்ப்பதில்லை. பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் நீடிக்கக்கூடியது என்பதால் இதில் தயவு தாட்சண்யத்திற்கு இடமில்லை. (அப்பாவின் நெடுநாள் வாடிக்கையாளர்கள் இருவர் கோபித்துக்கொண்டு போனார்கள், போகட்டும்.)

பயிற்சி முறையில் அப்பாவுடன் கருத்து வேறுபாடு தீரவில்லை. கழுத்துப்பட்டையைச் சுண்டி இழுத்துத் திருத்துவது அவர் பழக்கம். சரியாகச் செய்த ஓரிரு நொடிக்குள் தின்பண்டம் கொடுத்து, 5 முதல் 10 நிமிடங்களில் பாடத்தை முடித்துவிடுவது என்னுடையது. மிரண்டு உறுமிக்கொண்டிருந்த நாய் ஒன்று தானாக என் அருகில் வந்து அமர்ந்த அன்று அவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் தின்பண்டப் பையைத் தம் இடுப்பில் கட்டியிருந்தார்.

வருமானம் பழைய சம்பளத்தில் பாதிதான். விடுமுறையோ, மற்றவர்கள் பயணம் போகும் நாள்களில்தான் எங்கள் அறைகள் நிரம்பும் என்பதால், எனக்குக் கிடையாது.