எஸ்.பி.எம். நெருங்குகிறது, மகன் கைப்பேசியை விடமாட்டேன் என்கிறான்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறையில் வசிக்கிறோம். மகன் நான்காம் படிவம். அடுத்த ஆண்டு எஸ்.பி.எம்., அதாவது ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வு. ஆறு மாதங்களாக டிக்டாக்கே கதி. கணிதம் 78இலிருந்து 41க்கும், வரலாறு 65இலிருந்து 38க்கும் இறங்கிவிட்டன. வரலாற்றில் தேர்ச்சி இல்லையென்றால் சான்றிதழே கிடைக்காது என்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

போன வாரம் இரவு 1.40க்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். போர்வைக்குள் நீல வெளிச்சம். மேசையில் வரலாற்றுப் புத்தகம், மூன்று நாளாக அதே பக்கத்தில், நடுவே அடிக்கோல் வைத்தபடி. காலையில் பள்ளிப் பேருந்துக்கு எழுப்ப அரை மணி நேரம் போராடுகிறேன். வகுப்பில் தூங்குகிறான் என்று ஆசிரியையும் அழைத்துச் சொன்னார்.

கைப்பேசி ரெட்மி, ஆண்ட்ராய்டு. டிக்டாக்கில் பெற்றோர் இணைப்பு போட்டு நாளுக்கு 60 நிமிடம் என்று வைத்தேன்; வேறொரு கணக்கைத் திறந்துகொண்டான். இரவு 10 மணிக்கு வைஃபையை அணைத்தேன். சிம் டேட்டாவில் பார்க்கிறான். இரண்டு வாரம் கைப்பேசியையே பிடுங்கி வைத்தேன். வீட்டுப்பாடமெல்லாம் வகுப்பின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில்தான் வருகிறது, அதனால் இரண்டு ஒப்படைப்புகள் தவறிப்போயின. அவனும் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். அதுதான் அதிகம் வலித்தது. அவன் கெட்ட பிள்ளை இல்லை.

புலனம் மட்டும் இயங்க, மற்றவை இரவில் நின்றுபோகும்படி உங்கள் வீட்டில் எந்த வழி உண்மையிலேயே பலித்தது?