நியோ-ஏர்லிக்கியா தொற்று: நான்கு சொற்களுக்கு முடிவு தேவை

நண்பர்களுக்கு வணக்கம்.

உண்ணி கடித்துப் பரவும் பாக்டீரியாவான நியோ-ஏர்லிக்கியா மிக்குரென்சிஸ் பற்றிய கட்டுரையின் வரைவில் நான்கு சொற்கள் இழுபறியில் நிற்கின்றன. இப்போது உள்ளவை: நோய்க்கு "உண்ணிக்காய்ச்சல்", பெயருக்கு முன்னால் வரும் கேண்டிடேட்டஸுக்கு "வேட்பாளர்", எலி, எலி போன்ற வோல் இனங்களுக்குக் "கொறித்துண்ணி", உண்ணி ஒரு வளர்ச்சி நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாறும்போதும் கிருமி உடன் வரும் டிரான்ஸ்ஸ்டேடியல் கடத்தலுக்குப் "பருவங்கடந்த கடத்தல்". மாற்று இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

----

> நோய்க்கு "உண்ணிக்காய்ச்சல்"

ஐயா, இது வேண்டாம். நம் நாளிதழ்கள் ஸ்க்ரப் டைபஸுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டன. அதுவே பொருந்தாப் பெயர். அதைப் பரப்புவது உண்ணியைவிடச் சிறிய மைட் ஒன்றின் லார்வா. ஆனாலும் வேரூன்றிய சொல்லைப் பிடுங்க முடியாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் சிக்கல் சோதனைச் சீட்டில் தொடங்கும். ஸ்க்ரப் டைபஸ் என்றால் கடிவாயில் கருகிய புண்ணைத் தேடுவார்கள், இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பார்கள். நியோ-ஏர்லிக்கியாவுக்கு அந்தப் புண் அடையாளமில்லை. எதிர்ப்பொருள் சோதனையும் வழக்கில் இல்லை. செல்லுக்குள் மட்டுமே வாழ்வதால் சாதாரண இரத்த வளர்ப்புக் குப்பியில் எத்தனை நாள் வைத்தாலும் வளராது. இரத்தம் உறையாமல் காக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்த இரத்தத்தில், கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். செய்தாக வேண்டும், அதுவும் டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி தொடங்குமுன் எடுத்த இரத்தத்தில். மருந்து என்னவோ இரண்டுக்கும் டாக்சிசைக்ளின்தான்: நியோ-ஏர்லிக்கியாவுக்கு 100 மி.கி. நாளுக்கு இருவேளை, பெரும்பாலும் மூன்று வாரம். பெனிசிலின் வகை மருந்துகள் வேலை செய்யாது.

"காய்ச்சல்" என்ற பாதியும் இடிக்கிறது. நல்ல உடல்நிலையில் இருப்பவர்களின் இரத்தத்தில், அறிகுறியே இல்லாமல் இந்தக் கிருமி கிடைத்திருக்கிறது. மண்ணீரல் அகற்றப்பட்டவர்களிடமும், எதிர்ப்பாற்றலை அடக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து பெறுபவர்களிடமும்தான் அது பெரும்பாலும் முழு வடிவம் காட்டுகிறது. காய்ச்சல் விட்டுவிட்டு வரும், வலி மூட்டு மாறி மூட்டுக்குத் தாவும். கிருமி இரத்தநாள உட்சுவர்ச் செல்களைத் தாக்குவதால் பலருக்கு ஆழ்சிரைகளில் இரத்தம் உறைகிறது. அவர்களுக்கு ஏற்கெனவே உள்ள நோய் மீண்டும் தலைதூக்கியதாக எண்ணி எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கூட்டினால் கேடு. ஆகவே "நியோ-ஏர்லிக்கியா தொற்று" என்றே வைப்போம்.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். பால் ஏர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவ அறிவியலாளரின் பெயரால் வந்தது என்பதால் ஏ நெடில்தான். உடம்படுமெய் சேர்த்து "நியோவேர்லிக்கியா" என்று எழுதினால் ஏர்லிக் காணாமல் போய்விடுவார். அதனால் இடைக்கோடு. "புது" என்று நியோவை மொழிபெயர்ப்பதும் தவறு. பேரினப் பெயர் பெயராகவே நிற்கட்டும். மிக்குரா என்பது டோக்கியோவுக்குத் தெற்கே உள்ள தீவு. அங்குள்ள பழுப்பு எலிகளில் கண்டதை வைத்து 2004இல் பெயரிட்டார்கள். மனிதரில் முதல் அறிக்கைகள் 2010இல் சுவீடன், சுவிட்சர்லாந்து, ஜெர்மனியிலிருந்து வந்தன.

> "வேட்பாளர்"

தேர்தல் நினைவுதான் வருகிறது. தனியாக வளர்த்தெடுக்கப்படாத பாக்டீரியாவுக்குத் தரும் இடைக்கால நிலை இது. அரசு அலுவலகங்களில் "தகுதிகாண் பருவம்" என்று ஒன்று இருக்கிறதே, அதிலிருந்து "தகுதிகாண் இனம்" என்று எடுக்கலாம். 2019இல் சுவீடனின் கோத்தன்பர்க் குழுவினர் உண்ணிச் செல்களிலும் மனித இரத்தநாளச் செல்களிலும் இதை வளர்த்துக் காட்டிய செய்தியையும் அதே பத்தியில் சேர்த்துவிடுங்கள்.

> "கொறித்துண்ணி"

பாடநூல் சொல், பிழையில்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் ஒட்டுண்ணி, உண்ணி, கொறித்துண்ணி மூன்றும் ஒரே வரியில் மோதுகின்றன. "கொறிணி" போதும். வரைவில் மூஞ்சூற்றையும் எலிகளோடு சேர்த்திருக்கிறீர்கள். அது கொறிணி அன்று. நெதர்லாந்தில் சோதித்த கொறிணிகளில் இந்தக் கிருமி கிடைத்தது, மூஞ்சூறுகளில் கிடைக்கவில்லை. கிருமி தங்கி வாழும் தேக்க விலங்கு எது என்பதே அங்கே கேள்வி என்பதால் நீக்கியாக வேண்டும்.

> "பருவங்கடந்த கடத்தல்"

இதுதான் மிகவும் குழப்பும். பருவம் என்றதும் மழையும் வெயிலும்தான் நினைவுக்கு வரும். இந்தக் கிருமியைப் பரப்பும் இக்சோடெஸ் ரிசினஸ் உண்ணிக்குக் குளிர்காலம் தாண்டுவதும் உண்டு என்பதால் வாசகர் அப்படியே படிப்பார். உள்ளபடி நடப்பது வேறு. ஆறுகால் லார்வா பெரும்பாலும் கிருமியின்றிப் பிறக்கிறது. தாயுண்ணியிலிருந்து முட்டைக்குக் கிருமி போவதாகத் தெரியவில்லை. வோல் மீது ஏறி முதல் இரத்தம் குடிக்கும்போது தொற்றுகிறது. விழுந்து, தோலுரித்து, நிம்ஃப் எனும் எட்டுக்கால் இளம் உண்ணியாக எழும்போதும் கிருமி உள்ளேயே இருக்கிறது. அந்த நிம்ஃபின் அடுத்த இரை மனிதராகவும் இருக்கலாம். எனவே "முட்டைவழிக் கடத்தல்", "உரிப்புவழிக் கடத்தல்" என்று இணையாக வைக்கலாம்.

----

முதல் மூன்றும் சரி. "உரிப்புவழி" மட்டும் உறுத்துகிறது, அம்மா. "முட்டைவழி" என்றால் முட்டை மூலமாக. அதே கணக்கில் "உரிப்புவழி" என்றால் உரித்துப் போட்ட தோல் மூலமாக என்று ஆகிவிடும். கிருமி தோலோடு போகவில்லை, தோலை விட்டுவிட்டு உண்ணியோடு வருகிறது. இணை கெட்டாலும் பரவாயில்லை, "உரிப்பு தாண்டிய கடத்தல்" என்று வைக்கலாம்.

இன்னொன்று: காட்டில் துணி இழுத்து உண்ணி பிடிக்கும் முறையை எழுதிய பத்தியில், பி.சி.ஆருக்கு லார்வா, நிம்ஃப் எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேர்ப்பதாக வந்திருக்கிறது. சேர்த்தால் முட்டைவழியா, உரிப்பு தாண்டியதா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. இன்னும் இரத்தம் குடிக்காமல் இரையைத் தேடும் லார்வாக்களைத் தனிக் குழாயில் சோதிப்பதாகத் திருத்துங்கள்.