புதுப்பிப்பு: பழைய சலூன் பெயர் இல்லாமல் விளம்பரம்

பிராண்டட் சலூனை விட்டு வந்தபின், அங்கே செய்த ஃபேஷியலை அதே பெயரில் விளம்பரம் செய்யலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வக்கீலைப் பார்த்துவிட்டேன். ‘இரண்டு வருடம் இதே தொழில் செய்யக் கூடாது’ என்று நான் கையெழுத்துப் போட்ட நிபந்தனை, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி செல்லாதாம். அப்பாடா! ஆனால் அவர்கள் பதிவு செய்த பெயரையும் வாடிக்கையாளர் பட்டியலையும் தொடக் கூடாது. அங்கே எடுத்த ‘பிஃபோர்-ஆஃப்டர்’ படங்களையும் மனசே இல்லாமல் அழித்தேன்.

இப்போது வாட்ஸ்அப் கேட்டலாக்கில் ‘பழ ஃபேஷியல், 45 நிமிடம்’ என்று செய்வதை அப்படியே எழுதி, விலையும் போட்டிருக்கிறேன். முதலில் வந்தது எதிர்வீட்டு அக்கா. அப்புறம் அவர் மூலம் மூன்று பேர். ரீல்ஸ் பார்த்து வந்தது ஒருவர்தான், அவரும் விலை கேட்டுவிட்டுப் போய்விட்டார்.