உங்களைக் கவிழ்த்த ஆங்கிலச் சொல் எது?

சூரமங்கலத்தான்:
வங்கித் தேர்வுக்குப் படித்த காலம். ஜங்ஷன் பக்கம் ஒரு மாடி அறை. தினம் 30 சொல் என்று கணக்கு. நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒற்றைச் சொல்லில் தமிழ்ப் பொருள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை போன அகராதிதான் குரு. அதில் 'எக்ரீஜியஸ்' என்பதற்குத் 'தனிச்சிறப்புடைய' என்று போட்டிருந்தது. பக்கத்திலேயே பொடி எழுத்தில் 'பழைய வழக்கு' என்று இருந்ததை நான் பார்க்கவில்லை.

நேர்முகத் தேர்வில் ஊரைப் பற்றிக் கேட்டார்கள். "சேலத்து மாம்பழம் எக்ரீஜியஸ்" என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். எதிரே இருந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் தம்பி, அவ்வளவு மோசமா?" என்று தமிழிலேயே கேட்டார். மல்கோவா, இமாம் பசந்த், குண்டு என்று வாயில் வந்ததையெல்லாம் அடுக்கிச் சமாளித்தேன். வேலை கிடைக்கவில்லை. (பழியை மாம்பழத்தின் மேல் மட்டும் போட முடியாது, கணக்கிலும் நான் அப்படித்தான்.)

அப்புறம் தேடிப் பார்த்தேன். லத்தீனில் 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது எக்ரீஜியஸ். 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் பாராட்டாகத்தான் வந்திருக்கிறது. கிண்டலாகச் சொல்லிச் சொல்லியே 'படுமோசம்' என்று திரும்பிவிட்டது. நம் 'நாற்றம்' மாதிரிதான். ஒரு காலத்தில் அது நறுமணம். இன்று யாரிடமாவது "உங்கள் மேல் நல்ல நாற்றம்" என்று சொல்லிப் பாருங்களேன்! அதே மந்தையைப் பிடித்துக்கொண்டு போனால், கூட்டத்தோடு கலகலப்பாக இருப்பவர் கிரிகேரியஸ், கூடிய கூட்டம் காங்கிரிகேஷன், பிரித்து வைப்பது செக்ரிகேஷன். இப்போது வலப்பக்கத்தில் ஒரு முழு வாக்கியம் எழுதுகிறேன். நாளுக்கு ஐந்துக்கு மேல் ஓடுவதில்லை.

சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

தறிவீட்டுப் பெண், அம்மாபேட்டை:
எனக்கு 'ஏர்லூம்', அண்ணா. எங்கள் வீட்டில் தாத்தா காலத்துக் குழித்தறி இருக்கிறது. ஹேண்ட்லூம், பவர்லூம் என்று தெருவெல்லாம் போர்டு. லூம் என்றால் தறி என்பது தொட்டிலிலேயே தெரிந்த விஷயம். 'ஏர்' என்றால் வாரிசு. அதனால் ஏர்லூம் என்றால் பரம்பரைத் தறி என்று முடிவே கட்டிவிட்டேன். கல்லூரித் தேர்வில் ஒரு பத்தி கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு பாட்டி, கல்யாணத்தன்று பேத்தியின் கழுத்தில் ஏர்லூமைப் போட்டுவிடுகிறாள். தறியை எப்படிக் கழுத்தில் போடுவது? பத்து நிமிடம் போயிற்று. கடைசியில் 'நெசவாளர் குடும்பத்தின் சுமை' என்று பதில் எழுதி வைத்தேன்.

பழைய ஆங்கிலத்தில் 'லூம்' என்ற சொல்லுக்குப் பொதுவாகக் கருவி, சாமான் என்றுதான் பொருளாம். பிற்பாடுதான் அது தறிக்கு மட்டும் ஆனது. ஏர்லூமில் மட்டும் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வழிவழியாக வரும் சாமான் என்று. அப்பாவிடம் சொன்னால், "நம்ம வீட்ல ரெண்டும் ஒண்ணுதானே கண்ணு, நீ எழுதுனது எப்படித் தப்பாகும்?" என்கிறார்.

இன்னொன்று. டெக்ஸ்டைலும் டெக்ஸ்டும் ஒரே லத்தீன் வினையில் பிறந்தவை, 'நெய்' என்பதுதான் அது. கான்டெக்ஸ்ட் என்றால் சேர்த்து நெய்தது. இதைக் கேட்டு வியந்துவிட்டு, அப்புறம்தான் உறைத்தது. நமக்கும் இழை நூல்தான், புத்தகமும் நூல்தான்.

மலைக்காரன், ஏற்காடு:
எனக்குப் படிப்பெல்லாம் அவ்வளவு இல்லைங்க. விடுதியில் வேலை. வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர் காலையில் வெளியே வந்து மூச்சை இழுத்துவிட்டு, "சலூப்ரியஸ்!" என்றார். முகத்தில் நாலு நாள் தாடி. நானும் மரியாதையாக ஒண்டிக்கடைப் பக்கம் கை காட்டி, சலூன் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் சார் என்றேன். உடம்புக்கு நல்ல காற்று என்று சொல்லியிருக்கிறார் மனிதர். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்தவர் வேறு எதைச் சொல்வார்! ஆனால் ஒன்பதரைக்குப் பார்த்தால், மழமழவென்று ஷேவ் செய்துகொண்டு திரும்பி வந்தார்.