மறு: கிரீன் புரொப்பெலன்டுக்குத் தமிழ்ச்சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

செயற்கைக்கோள்களை உந்தித் தள்ள, நச்சு மிகுந்த ஹைட்ரசின் திரவத்துக்கு மாற்றாக வரும் புதிய கலவைகளைத்தான் கிரீன் புரொப்பெலன்ட் என்கிறார்கள். அதற்கு நம் குழுவில் ‘பசுமை எரிபொருள்’ என்றே முடிவாகிவிடும் போலிருக்கிறது. எனக்கு அதில் இரண்டு சொல்லுமே ஒப்பவில்லை.

முதலில் எரிபொருள். சிறு செயற்கைக்கோள்களின் த்ரஸ்டர்களில் (சிறு உந்து இயந்திரங்களில்) ஹைட்ரசின் மட்டும்தான் போகும், எரிய வைக்கும் ஆக்சிஜனேற்றி தனியாகக் கிடையாது. இரிடியம் வினையூக்கியில் பட்டதும் அது தானே சிதைந்து சூடான வாயுவாகப் பீறிடுகிறது, எரிதலே இல்லை. புதிய கலவைகளில் ஆக்சிஜனேற்றியும் எரிபொருளும் ஒரே திரவத்துக்குள் இருக்கின்றன, அந்த முழுக் கலவையையும் எரிபொருள் என்றால் எப்படி? இப்படித் தனியொரு திரவமாகவே உந்தும் மோனோபுரொப்பெலன்டுக்கு ‘ஒற்றை உந்துநீர்மம்’ சரியாக வரும். ‘உந்துபொருள்’ திண்மம், வாயு எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கட்டும்.

அடுத்து பசுமை. தமிழில் அதைக் கேட்டதும் மரம், காடு, கரியுமிழ்வு என்றுதான் மனம் போகும். இங்கே கவலை தொட்டியை நிரப்பும் ஆளைப் பற்றியது. ஹைட்ரசின் ஆவி நுரையீரலையும் கல்லீரலையும் கெடுக்கும், புற்றுநோய் அபாயமும் உண்டு. அதனால்தான் உடல் முழுக்க மூடிய, தனிக் காற்று வரும் உடையில் நின்று நிரப்புகிறார்கள். பெரிய விண்வெளி மையங்களுக்கு அந்த ஏற்பாடெல்லாம் இருக்கிறது. இங்கே பெங்களூரில் இருப்பது போன்ற சிறு நிறுவனங்களுக்கு அது பெரும் சுமை. இந்த ஊர் பெல்லாட்ரிக்ஸ் நிறுவனத்தின் ‘ருத்ரா’ த்ரஸ்டர் 2024 ஜனவரியில் இஸ்ரோவின் போயம்-3 என்ற விண்வெளிச் சோதனை மேடையில் சோதிக்கப்பட்டது இந்த மாற்றுத் திரவங்களை நம்பித்தான்.

‘நச்சற்ற’ என்று ஒருவர் எழுதியிருந்தார், அதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். சுவீடனின் பிரிஸ்மா செயற்கைக்கோளில் 2010இல் பறந்த எல்எம்பி-103எஸ் கலவையில் அம்மோனியம் டைநைட்ரமைடுடன் நச்சுத்தன்மையுள்ள மெத்தனாலும் அம்மோனியாவும் இருக்கின்றன. நச்சே இல்லை என்று தமிழில் எழுதி ஒட்டிவிட்டால், அதை நம்பி யாராவது கையுறை போடாமல் தொட்டுவிடுவார்கள்.

என் பரிந்துரை: ‘குறைநச்சு உந்துநீர்மம்’. குறைகடத்தி என்ற சொல் ஏற்கெனவே நம்மிடம் நிலைத்துவிட்டது, அதே வார்ப்புதான்.

இத்திரவங்களுக்குத் திறன் கூடுதல் என்பது இந்தப் பெயரில் தெரியவில்லையே என்று கேட்பீர்கள். அது உண்மைதான், ஆனால் அதற்குத் தனிச்சொல் வேண்டும். ஹைட்ரசினின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறக்குறைய 1 கிராம். நாசா 2019இல் ஜிபிஐஎம் செயற்கைக்கோளில் சோதித்த ஏஎஃப்-எம்315இ என்ற மாற்றுக் கலவைக்கு ஏறக்குறைய 1.47. ஷூ பெட்டி அளவுள்ள செயற்கைக்கோளில் எடையைவிட இடம்தான் முதலில் தீர்ந்துபோகும், அதனால் அதே கொள்ளளவுத் தொட்டியிலிருந்து ஏறக்குறைய 50% கூடுதல் உந்தம் கிடைப்பது பெரிய விஷயம். ஒரே கொள்ளளவிலிருந்து கிடைக்கும் இந்த உந்துதிறனைக் குறிக்கும் டென்சிட்டி இம்பல்ஸை ‘அடர்வுக் கணத்தாக்கு’ எனலாமா? கணத்தாக்கு பாடநூல்களில் உள்ள சொல்தான்.

அப்புறம், இவ்வகைத் திரவங்களுக்கு வினையூக்கியை முதலில் நன்றாகச் சூடேற்ற வேண்டும், சிறு செயற்கைக்கோளின் மின்சாரத்தில் அது கணிசமாகத் தின்னும். ப்ரீஹீட்டிங் என்பதற்கு ‘முன்சூடேற்றல்’ போதும் என நினைக்கிறேன்.

‘நீர்மம்’ கடினமாகத் தோன்றினால் ‘உந்துதிரவம்’ என்றாலும் எனக்குத் தடையில்லை. வேதியியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.