"காத்துப் பிடிச்சிருக்கு"ன்னு நோயாளி சொன்னா கம்ப்யூட்டர் ரெக்கார்டுல என்ன எழுதுவீங்க? மலேசியாவுல மூணு பேர் சொல்றது:

செந்தூல் கிளினிக் டாக்டர்:
65 வயசு அம்மா ஒருத்தங்க. கம்ப்யூட்டரைத் திறந்தா முந்தின மூணு வருகைக்கும் ஒரே வரி: 'கேஸ்ட்ரிக், அதே மருந்து தொடரவும்.' எழுத்துப்பிழைகூட அப்படியே இருக்கு. வெளியே நல்ல கூட்டம், நானும் அதையே காப்பி பண்ணி ஒட்டியிருப்பேன். அவங்களும் "அதே காத்துதான் டாக்டர்"னாங்க.

எங்கேம்மா பிடிக்குது? கையை நெஞ்சு நடுவுல வச்சாங்க. எப்போ?

"லிஃப்ட் கெட்டுப்போச்சு, நாலு மாடி ஏறணும். நின்னா விட்டுடும்."

சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஈசிஜி எடுத்து அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இதய ரத்தக்குழாய் அடைப்பு.

முதல்ல பார்த்தவர் தமிழர் இல்ல. 'காத்து' மலாய்ல 'ஆங்கின்' ஆகி, அங்கிருந்து கேஸ்ட்ரிக் ஆகியிருக்கும். அவரைக் குத்தம் சொல்லமாட்டேன், கேட்காம ஒட்டினவங்களைத்தான் சொல்லணும். அமெரிக்க டாக்டர் லாரன்ஸ் வீட் கொண்டுவந்த 'சோப்' (SOAP) முறையில நோயாளி ரெக்கார்டை நாலு கட்டமா எழுதணும், முதல் கட்டம் நோயாளி சொன்னதுக்கு. நம்ம முடிவு மூணாவதுலதான். இப்பல்லாம் முதல் கட்டத்துல 'காத்து'ன்னே அடிச்சுட்டு, எங்கே, எப்போ, எதுல குறையுதுன்னு பக்கத்துல போடுறேன்.

பினாங்கு மருந்தாளர்:
எங்க தலைவலி வேற. இன்சுலின் 4 யூனிட்னு முழுசா எழுதாம ஒத்தை 'யூ' எழுத்தை எண்ணோட ஒட்டி அடிச்சிருந்தாங்க. அவசரத்துல அது சைபராத் தெரிஞ்சா 4 வந்து 40! அமெரிக்காவுல ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தர்ற ஜாயின்ட் கமிஷன் 2004லயே இப்படி எழுதுறதை நிறுத்தச் சொல்லிடுச்சு, 1ஐ 1.0னு சும்மா சைபர் சேர்த்துப் போடுறதையும் சேர்த்து (புள்ளி தெரியலேன்னா 10 ஆயிடும்). கையெழுத்துக் காலத்துப் பழக்கம், கீபோர்டுக்கும் கூடவே வந்துடுச்சு. வார்டுக்கு போன் போட்டா, அதை எழுதின ஹவுஸ்மேனுக்கு (பயிற்சி டாக்டர்) கோபம். பத்து நிமிஷத்துல அவரே திரும்ப போன் பண்ணினார்.

வார்டு மிஸ்ஸி (நர்ஸ்):
ராத்திரி ஷிஃப்ட்ல பக்கத்து பெட்காரரோட ரெக்கார்டுல எழுதிட்டேன். அழிக்கத்தான் கை போச்சு. சீனியர் அக்கா தடுத்தாங்க. "அழிச்சாலும் யார், எப்போ மாத்தினாங்கன்னு உள்ளே இருக்கும். அதை நம்பி டாக்டர் ஏற்கனவே மருந்து எழுதியிருந்தா?" 'வேறு நோயாளியுடையது'ன்னு நேரத்தோட திருத்தம் சேர்த்து, டாக்டர்கிட்டயும் சொன்னேன். திட்டு விழுந்துச்சு, விழட்டும்.

செந்தூல் கிளினிக் டாக்டர்:
அந்தம்மா போன வாரம் வந்தாங்க. ஸ்டென்ட் வச்சாச்சு. லிஃப்ட்தான் இன்னும் சரியாகலையாம்.