பொருள்: பள்ளிக்கூட வளைவுக்குப் பணம் கேட்டிருப்பது பற்றி

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆண்டு விழாவுக்குள் பள்ளிக்கூட வாசலில் வளைவு கட்டியாக வேண்டும், ஆளுக்கு ஐயாயிரம் அனுப்புங்கள் என்று நம் சங்கத் தலைவர் மாமா எழுதியிருக்கிறார். அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன மாதம் ஊருக்குப் போன என் அம்மா பள்ளிக்கூடத்தையும் எட்டிப் பார்த்திருக்கிறார். கிணற்றுப் பக்கத்துப் பழைய வகுப்பறையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதாம். அறையைப் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் இடைவேளையில் பிள்ளைகள் அந்தச் சுவரில்தான் சாய்ந்து உட்காருகிறார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்களே, நம்முடையது மட்டும் எப்படி விட்டுப்போனது? இடிக்கச் சொல்லி யாராவது மனுக் கொடுத்தார்களா? இதற்குப் பதில் வரட்டும், அப்புறம் வளைவைப் பேசலாம்.

இரண்டே டீச்சர், படிப்பு பாழாகிறது என்று கீழத்தெரு அண்ணன் எழுதியிருந்தார். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் கல்வி உரிமைச் சட்டத்தில் உள்ள அளவு. மூன்றாவது டீச்சர் வேண்டுமென்றால் பிள்ளைகள் சேர வேண்டும். காலையில் வேன் ஏறி டவுனுக்குப் போகிற பிள்ளைகள் யார் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று அண்ணனுக்கே தெரியும். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒன்றாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அம்மாவும் முதலில் பயந்துதான் போனார். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகள் கற்ற அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துவதாக டீச்சர் விளக்கியிருக்கிறார். நம்மைவிட நன்றாகவே வாசிக்கிறார்களாம்.

காலைச் சாப்பாட்டுக்குப் பணம் தருகிறேன் என்ற பெரியம்மாவுக்கு: 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசே போடுகிறது. மகளிர் குழுப் பெண்கள்தான் சமைக்கிறார்கள். அந்தப் பணத்தைச் சுற்றுச்சுவருக்குக் கொடுங்கள்.

மேலத்தெரு, ஷார்ஜா

---

பாப்பா எழுதியது அத்தனையும் சரி. நான் கணக்கு மட்டும் கேட்கிறேன். தேருக்கு வாங்கியதில் மிச்சம் எவ்வளவு என்ற என் கேள்விக்கே இன்னும் பதில் வரவில்லை.

இன்னொன்று, சட்ட விஷயம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. என்னைப் போல் கனடாக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால் ஆகும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளிக்காரர்களுக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அதே கதிதான். நம் சங்கத்துக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லை. அப்படி இருக்கும்போது செயலாளர் தம்பியின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்வது என்ன நியாயம்? 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று அரசு 2022-ல் தொடங்கிய திட்டம் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் அதன் வழியாக நம் பள்ளிக்கென்றே கொடுக்கலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தத் தாய்மார்களை யாராவது கேட்டீர்களா? அவர்கள் போட்ட தீர்மானத்தின் நகலை இங்கே போடுங்கள். அதுவரை என்னிடம் காசு கேட்காதீர்கள்.

தெற்குத்தெரு, டொராண்டோ

---

டொராண்டோ மச்சானுக்கு எதையும் ரசீதாகத்தான் பார்க்கத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு இடம் எழுதிக் கொடுத்தது எங்கள் தாத்தா. காமராஜர் காலத்தில் மதியச் சாப்பாடு வந்த புதிதில் எங்கள் வீட்டு அண்டாவில்தான் சோறு பொங்கினார்கள் என்று அப்பத்தா சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். நானும் அந்தப் புளியமரத்தடியில் மணலில்தான் 'அ' எழுதினேன். இன்று அந்தப் பள்ளியில் தாத்தா பெயர் ஒரு கல்லில்கூட இல்லை. நூற்றாண்டுக் கல்வெட்டு வைத்தபோது யார் பெயரை எடுத்துவிட்டு யார் பெயரைப் போட்டார்கள் என்பது இந்தக் குழுவில் பாதிப் பேருக்குத் தெரியும். அதனால்தான் வளைவு கேட்டோம்.

சுவர் அப்படித்தான் இருக்கிறது என்றால் இந்த மாதமே இடிக்கட்டும். ஒன்றிய அலுவலகத்துக்கு என் தம்பியை நாளைக்கே மனுவோடு அனுப்புகிறேன். புது வகுப்பறைக்கு எங்கள் பங்காளிகள் பணத்தையும் நானே வசூலித்துத் தருகிறேன். ஆனால் அதன் வாசலில் தாத்தா பெயர் இருக்கும் என்று தலைவர் மாமா இந்தக் குழுவிலேயே எழுத்தில் தர வேண்டும்.

பெரியவீடு, சிங்கப்பூர்